வாடை போன நாள்

தொற்றுத் தடுப்புப் பிரிவின் தலைமைச் செவிலியர் நிமிர்வதற்குள் ஒரு நோயாளியின் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புற்றுநோய்னு என் மனைவியோட மார்பை எடுத்தீங்க. அதே இடத்துல செயற்கை மார்பு வச்சீங்க. பத்தாம் நாள் மருந்து வாடைகூடப் போயிடுச்சு, ஆறிடுச்சுன்னு நிம்மதியா இருந்தோம். ரெண்டே நாள்ல காய்ச்சல் கொதிச்சுது. இப்போ வச்சதையும் எடுத்துட்டீங்க. கருவியைச் சரியா கழுவாத அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்க!"

அந்த ஆள், அறுவைக் கருவிகளைக் கிருமி போக ஆவியில் அவிக்கும் ஊழியர். இருபது வருடத்தில் ஒரு புகார் இல்லை. பேயறைந்தவர்போல் வாசலில் நின்றார்.

கணவர் வெளியே போனதும் ஆய்வக முடிவோடு வந்திருந்த பெண் பரபரத்தாள். "அக்கா, சீழ்ல கிருமி இருக்கு. இவர்தான் காரணம்!"

"அவசரப்படாதே. அதே ஈட்டுல ஒண்ணா அவிச்ச கருவிகளை எத்தனை பேருக்குப் பயன்படுத்தினாங்க?"

"மூணு பேருக்கு. மத்த ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"ஆவி பட்டா நிறம் மாறுற பட்டை?"

"மாறியிருக்கு."

"கிருமி என்ன வகை?"

"தேங்கின தண்ணியில வளர்றது..." அவள் குரல் இறங்கியது.

செவிலியர், அந்தப் பெண் காய்ச்சலோடு வந்த அன்று எழுதிய சேர்க்கைக் குறிப்பைப் புரட்டினார். ரத்தநீர் வடியும் குழாயின் வாயில் பழுப்பு நிறப் பிளாஸ்திரி என்று எழுதியிருந்தது. அந்த மருத்துவமனையில் வெள்ளைதான் ஒட்டுவார்கள்.

அவர் வார்டுக்குப் போனபோது அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் கணவர்.

"கொஞ்சம் தனியா பேசணும்மா."

"அவரும் இருக்கட்டும் சிஸ்டர்."

செவிலியர் கணவர் பக்கம் திரும்பினார். "வாடை போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. கட்டு பிரியாம அது போகாது. யாரோ கட்டைப் பிரிச்சு, தண்ணி பட்டு, வீட்டுப் பிளாஸ்திரியை ஒட்டியிருக்காங்க. குழாய் வழியா கிருமி உள்ளே போயிருக்கு."

"நான்தான்" என்றாள் அவள். "குளிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் தொட்டித் தண்ணியில குளிச்சேன்."

"ஏன் இப்படிப் பண்ணினே?" கணவர் பதறினார்.

"ஆஸ்பத்திரி வாடை குடலைப் புரட்டுதுன்னு தலையணையைத் தூக்கிட்டுக் கூடத்துக்குப் போயிட்டீங்களே. ரெண்டு தடவை சோப்புப் போட்டேன். அன்னிக்கு நீங்க திரும்பி வந்து என் பக்கத்துல படுத்தீங்க."

கணவர் செவிலியரிடம் திரும்பிக் கேட்டார்: "மறுபடி வைக்கலாம்ல?"

"புண் ஆறவே பல மாசம் ஆகும். சீழ் பிடிச்ச இடத்துல தழும்பு இறுகும். வச்சாலும் அந்தத் தழும்பு சுத்தி நெருக்கி அதைக் கல்லு மாதிரி ஆக்கிடலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்."

"எவ்வளவு நாள் ஆனாலும்..."

"வேண்டாம்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "அது எனக்கு வேணும்னு நான் கேட்கவே இல்லையே. உங்களுக்காகத்தான் சரின்னேன்."

செவிலியர் திரைச்சீலையை இழுத்துவிட்டு நடைபாதைக்கு வந்தார். ஊழியர் கைகூப்பினார். "போய் வேலையைப் பாருங்கண்ணே" என்றார். திரைக்குப் பின்னால் ஓர் ஆண் அழும் சத்தம் மட்டும் கேட்டது.