உச்சிப்பொழுதுக்காரி

பொஹீமியாவில் மூடிக்கிடந்த ஒரு பழைய பீர் ஆலைக்குள் பொஹுமிலா அன்று காலையும் வழக்கம்போல் வந்து சேர்ந்தாள். கறுப்புத் திரைகள் பகலை வெளியே நிறுத்தியிருந்தன. சூடான விளக்குகளின் கீழே மேசையளவு கோதுமை வயல். அதன் நடுவே, வெள்ளை முக்காடிட்ட ஒரு சாண் மரப்பொம்மை: உச்சிப்பொழுதுக்காரி என்னும் வயல் பேய். செக் நாட்டுப் பழங்கதைகளைப் பொம்மைகளால் சொல்லும் திரைப்படம் ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. பொம்மையை மயிரிழை நகர்த்தி, விலகி நின்று, கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்து, மீண்டும் நகர்த்த வேண்டும். பத்தொன்பது நாள்களாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். இதுவே கடைசிக் காட்சி. முடித்துவிட்டால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அதற்குமேல் அவளிடம் ஆசை எதுவும் மிச்சமில்லை.

தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. ஒளிப்பதிவாளர் வெந்தெலின் எழுந்தார்.

“பொம்மையைத் துணியால மூடிட்டு வா, பொஹுமிலா. உச்சிவேளையில ஓயாம வேலை செய்யறவங்களைத்தான் இவ பிடிப்பா. தினமும் நிறுத்தறோமில்ல?”

“இன்னைக்கு வச்சது பச்சைக் கதிர். ஒரு மணிநேரம் விட்டா தொங்கிப்போகும். மறுபடி முதல்லேருந்து எடுக்க நீ வர்றியா?”

“பிடிச்சுட்டா?”

“பிடிக்கட்டுமே. இவளுக்குக் கண்ணு வரைஞ்சதே நான்தான். அந்த மரியாதைகூட இருக்காதா?”

“உனக்கு வாய் மட்டும் களைக்கவே இல்ல,” என்று முனகியபடி அவர் சூப் குடிக்கப் போனார்.

அவள் தனியே நின்றாள். நகர்த்தினாள், விலகினாள், எடுத்தாள். காய்ந்த வைக்கோலின் வாசனை மெல்ல எழுந்தது. தோள்கள் வலித்தன. பிறகு, யாரோ கையைத் தாங்கிக்கொண்டதுபோல், வலி சட்டென்று நின்றது.

அந்த இதத்தை அவள் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் கழுவி வந்த படச்சுருளை இருவரும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பொம்மை நடக்கவே இல்லை. அசைந்தது வேறொன்று.

“விலகி நிக்க மறந்துட்டியா?” வெந்தெலின் கிசுகிசுத்தார். “எல்லாப் படத்துலயும் நீதான் இருக்கே.”

திரையில், வயலுக்குப் பின்னால் பொஹுமிலா நின்றிருந்தாள். முழங்கை மயிரிழை மயிரிழையாக உயர்ந்தது. தலை மயிரிழை மயிரிழையாகத் திரும்பியது.

சில படங்களில், விலக மறந்த ஒரு வெள்ளைக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

“போதும், நிறுத்து. நான் வீட்டுக்குப் போறேன்.”

“போ. நல்லாத் தூங்கு.”

அவள் எழவில்லை.

“என்ன, எந்திரி.”

“முடியல, வெந்தெலின்.”

நாற்காலியின் கைப்பிடியிலிருந்து அவளுடைய வலக்கை ஓர் அரிசியளவு உயர்ந்து, நின்றது.

மீண்டும் ஓர் அரிசியளவு.

ஒவ்வொரு அசைவுக்கும் நடுவே அது காத்திருந்தது. யாரோ எட்டி நின்று, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் நேரமளவுக்கு.