எட்டு மணி, எந்த ஊர் மணி?

"மூணு மணி நேரப் பயணத்துக்கு எதுக்கு இத்தனை மாத்திரை?"

வெளிநாட்டுச் சின்ன மகனைப் பார்க்க விமானம் ஏறுகிற நாள். விடிந்தும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். டிக்கெட்டில் காலை ஒன்பதுக்குப் புறப்பாடு, பகல் பன்னிரண்டுக்கு வருகை. அப்புறம் என்ன சந்தேகம்?

"பன்னிரண்டுங்கிறது அந்த ஊர் மணி அத்தை. பத்தாயிரம் கிலோமீட்டர்... முழுசா பன்னிரண்டு மணி நேரம் ஆகும்" என்றாள் பெரிய மருமகள்.

"மணி விஷயத்துல நீ வாயைத் திறக்காதே."

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். மருமகள் மாத்திரையைப் பையில் வைத்து மூடினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலை ஐந்துக்கு மாமனார் கண்ணை மூடினார். அந்த நிமிஷமே வெளிநாட்டிலிருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டவள் இவள்தான். மதியம் மூன்றுக்கு எடுத்துவிட்டார்கள். மறுநாள் வந்து விழுந்து அழுத சின்னவன், அண்ணி ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டதாகச் சொன்னான். அம்மாவிடம் எப்போதும் அம்மாவின் கடிகாரப்படியே பேசுகிறவன், அன்று துக்கத்தில் தன் ஊர் மணியைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பதினைந்து மணி நேரம் சேதியை மறைத்த பாவி என்று மாமியார் கணக்கை முடித்துவிட்டார். இவள் எடுத்துச் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. என் பிள்ளை என்கிட்ட என் மணிதான் சொல்லுவான் என்று ஒரே பிடிவாதம்.

தம்பியையே கேட்டுவிடுகிறேன் என்று புருஷன் துள்ளியபோதெல்லாம் இவள்தான் தடுத்தாள்.

"அப்பா முகத்தைப் பார்க்கலையேன்னு நொந்து கிடக்கிறார். அவர் வாயாலதான் எனக்கு இந்தப் பேருன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க... நானே சுமந்துட்டுப் போறேன்."

சுமந்தாள். பந்தியில் கடைசி ஆளாக, மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டு நாலு வருஷம் சுமந்தாள்.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. மாமியார்தான். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"இறங்கினப்போ என் கடிகாரத்துல மணி ஒன்பது. இங்க உச்சி வெயில் மண்டையைப் பிளக்குது. சின்னவனைக் கேட்டேன்... அன்னைக்கு நீ சொன்ன எட்டு எந்த மணிடான்னு. இந்த ஊர் மணிதாம்மான்னான்."

மருமகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா நம்ம ஊர்ல விடியற்காலை அஞ்சு. அவர் போன அதே அஞ்சு. நீ ஒரு நிமிஷம்கூட தாமதிக்கலை. பறந்து வந்திருந்தாலும் மூணு மணிக்குள்ள அவன் வந்திருக்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த என் இடுப்பு சொல்லுதும்மா..." அழுகை வெடித்தது. "நாலு வருஷம் லேட்டா வந்திருக்கேன். திட்டிடு என்னை."

மருமகளுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"வந்துட்டீங்கல்ல அத்தை. அது போதும்."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது நாத்தனார் எழுந்து நின்றாள். சுத்தமான தட்டு ஒன்றை எடுத்து வந்து நடுவில் வைத்தாள்.

"உட்காருங்க அண்ணி. நான் பரிமாறறேன்."

அவள் உட்கார்ந்தாள். அவள் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை வீடே காத்திருந்தது.