மாறாத நாளெண்

தினசரி காலண்டரின் புரூஃபில் ஜனவரி முதல் தேதிக்கு ஆயில்யம் என்றிருந்தது. இரண்டாம் தேதிக்கும் ஆயில்யம். புரட்டப் புரட்ட, டிசம்பர் வரைக்கும் அதே நட்சத்திரம், அதே திதி.

சிவகாசி அச்சகத்தின் மாடியறையில் பானுப்பிரியா தனியாக இருந்தாள். மத்தியான வெயில் தகரக் கூரையில் முறுமுறுக்க, கீழே அச்சு மிஷின்களின் தடதடப்பு தரை வழியாகக் காலில் ஏற, மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடையை இழுத்துக்கொண்டே அவள் பஞ்சாங்க புரோகிராமைத் திறந்தாள். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அதற்குரிய ஜூலியன் நாளை, வானியல்காரர்கள் பழைய ஒரு நாளில் தொடங்கி இடைவிடாமல் எண்ணிவரும் அந்த எண்ணை, திருப்பித் தரவேண்டிய ஃபங்ஷன் அதில் இருந்தது; நட்சத்திரமும் திதியும் அந்த எண்ணிலிருந்துதான் வரும். நேற்றுவரை ஒழுங்காகத் தந்தது. இன்று உள்ளே கணக்கையே காணோம். ஒரே ஓர் எண்தான் இருந்தது.

அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஓட்டினாள். அதே எண். திறந்து பார்த்தாள். அவள் எழுதியது இல்லை.

அந்த எண் எந்தத் தேதி என்று பார்த்தாள். போன வருஷம், 2006 தீபாவளி சீசனில், அச்சங்குளத்துப் பட்டாசு ஷெட் வெடித்த நாள். அவள் தம்பி செல்வக்குமார் செத்த நாள். ஷெட்டுக்கும் இந்த அச்சகத்துக்கும் ஒரே முதலாளி, ரத்தினசாமி. 'அந்தப் பையன் அன்னைக்கு வேலைக்கே வரலை' என்று விசாரணையில் சொன்னவர். நஷ்டஈட்டைத் தவிர்க்க, கூடச் செத்த இன்னும் பலரின் பேரையும் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தவர். அந்த வார்த்தையைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டுதான் அவள் இங்கே வேலை பார்த்தாள்.

செருப்புச் சத்தம். ரத்தினசாமியே வந்தார்.

"காலண்டர் ஆர்டர் நிக்குது. என்னம்மா பண்றே?"

திரையைக் காட்டினாள். "இதை யாரு போட்டா மொதலாளி?"

தேதியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. "பழசைக் கிண்டுறியோ? அவன் வரலைன்னா வரலை."

"அன்னைக்குக் காலைல நாந்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "செத்தவன இல்லவே இல்லைன்னு ஆக்கிட்டீக."

கீழே மிஷின்கள் நின்றன. எல்லாம் ஒரேயடியாக. கந்தக வாடை. மாடிப்படியில் வெறுங்கால் சத்தம். மெதுவாக. ஈரமாக.

"வந்தேன் மொதலாளி."

வாசலில் செல்வக்குமார். உச்சி முதல் பாதம்வரை பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடரின் வெள்ளிப் பூச்சு. அது பிளந்த இடங்களில் சிவப்பு. கண்ணுக்கு இமை இல்லை.

முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தான். சதை பொசுங்கியது. அவர் வாய் திறந்தது. சத்தமில்லை. கண் மட்டும் அவளிடம் கெஞ்சியது.

'விடுடா' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படியில் இன்னும் கால்கள். ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. வாசலை நிறைத்த வெள்ளி முகங்கள், வேலைக்கு வந்தவர்களைப் போலவே வரிசையாக நின்று, முதலாளி தங்கள் பேரைச் சொல்லக் காத்திருந்தன.