மெழுகில் விழுந்த சிரிப்பு

தளத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மெழுகுத் தட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஹாலிவுட்டில் படங்கள் பேசத் தொடங்கியிருந்த புதிது. எடுப்பது ஆட்டமும் பாட்டுமாக ஒரு கல்யாணக் கூத்து. பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், எடுக்கிறவர்கள் மட்டும் சிரிக்கக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மல்கூடக் குற்றம். மணப்பெண்ணின் தோழியாக நின்ற வெர்னாவுக்குப் பாட்டில் ஒரே வரி: "மாப்பிள்ளை ஓடிட்டான், கேக்கை யாரு வெட்டுவா?" இத்தனை நாள் கும்பலோடு காலைத் தூக்கி ஆடியவள். இந்த வரி தேறினால் ஸ்டுடியோவில் இருக்கலாம். குரல் தேறாதவர்களுக்கு வாசல்தான்.

ஒவ்வொரு தடவையும் ஒலி இரண்டு மெழுகுத் தட்டுகளில் பதிவாகும். மெழுகு இளசு, ஊசி பட்டால் போச்சு. அதனால் ஒன்றைக் கேட்டு அழிப்பார்கள், மற்றது பத்திரமாகும். இப்போது கேட்ட தட்டில்தான், அவள் வரி முடிந்த கையோடு, யாரோ மூக்கால் மெல்லச் சிரித்தார்கள்.

"நீதானேடி?" என்றாள் பக்கத்தில் ஆடும் லூயெல்லா.

"நான் ஏன் சிரிக்கறேன்? என் பொழப்பே இதுல இருக்கு."

"பயந்தா சிரிக்கிற பழக்கம் உனக்கு உண்டே."

உண்டு. அவளுக்கே அதுதான் சந்தேகம்.

"மறுபடி எடுப்போம்," என்றார் டைரக்டர் பிரண்டேஜ். "சிரிப்பு வர்றவங்க வீட்டுக்குப் போய்ச் சிரிங்க."

கதவுகள் மூடப்பட்டன. வெளியே மத்தியான வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே மெத்தை தைத்த சுவர்கள் காலடிச் சத்தத்தைக்கூட விழுங்கிவிட, நிறுத்திய மின்விசிறிகளுக்கடியில் முகப்பூச்சு உருகி வழிய, கேமராவோடு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்ட மனிதனின் முகம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் வெளுத்துத் தெரிந்தது. மைக்கை ஒளித்துவைத்த காகித ரோஜாக்கொத்தைப் பார்த்து வெர்னா பாடினாள். பாடி முடித்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தட்டில் சிரிப்பு இருந்தது.

ஒலிப்பதிவு அறையிலிருந்து ஹாஸ்கெல் இறங்கி வந்தார். "முதல்ல பின்சுவர்கிட்ட இருந்துச்சு. இப்ப கேக்குக்குப் பின்னால."

"அதெப்படிய்யா சொல்றே?"

"தூரத்துச் சிரிப்புல கூடத்து எதிரொலி கேக்கும், சார். கிட்டத்துச் சிரிப்புல எச்சில் கேக்கும்."

மூன்றாம் தடவை தன் வரி முடிந்ததும் வெர்னா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தட்டில் சிரிப்பு இருந்தது.

ஹாஸ்கெல் இந்தத் தடவை நேராக அவளிடம் வந்தார். "பூவுக்கும் உனக்கும் எவ்வளவு தூரம்மா?"

"ஒரு முழம்."

"அந்தச் சிரிப்பு உன்னைவிடப் பூவுக்குக் கிட்ட இருக்கு."

அவளுக்கும் ரோஜாக்களுக்கும் நடுவே காற்றுதான் இருந்தது. அதைப் பார்க்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

பிரண்டேஜ் தொடையைத் தட்டினார். "அவ்வளவுதானே? இடமே விடாதே. பூவுலயே வாயை வச்சுப் பாடு. இடம் இருந்தாத்தானே ஒருத்தி நுழைவா?"

"சார், வேண்டாம் சார்..."

"வேண்டாம்னா விடு. லூயெல்லா, உனக்கு வரி தெரியுமில்ல?"

"தெரியும் சார்," என்றாள் அவள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

வெர்னா போய் நின்றாள்.

சிவப்பு விளக்கு. பியானோ. பசை நாற்றம், காகிதத் தூசி. உதட்டில் இதழ்கள் பட்டன. சூடாக இருந்தன. காகிதம் சூடாக இருக்குமா? விளக்குச் சூடாக இருக்கும். ஈரமாகவும் இருந்தது. உள்ளிருந்து ஒரு மூச்சு. அவளுடையது அல்ல. அவள் இழுத்தால் அது விட்டது. அவள் விட்டால் அது இழுத்தது.

அவள் முறை வந்தது. வாயைத் திறந்தாள்.

இழுத்தது.

தொண்டையிலிருந்து ஏதோ நூல்போல உருவிக்கொண்டு போயிற்று. சத்தம் வரவில்லை. ஒரு சொல்கூட. ஆனால் யாரும் நிறுத்தவில்லை. ஆட்டம் முடிந்தது. விளக்கு அணைந்தது.

'போச்சு, வாசல்தான்' என்று நினைத்துக்கொண்டே எல்லோருடனும் ஒலிபெருக்கிக் குழாயின் முன் நின்றாள். ஊசி இறங்கியது.

"மாப்பிள்ளை ஓடிட்டான், கேக்கை யாரு வெட்டுவா?"

அவள் குரல். மணிமணியாக. அதற்குப்பின் அமைதி. சிரிப்பே இல்லை.

ஹாஸ்கெல் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"பிரமாதம்மா," என்றார் பிரண்டேஜ். "இனி நீ எங்க பொண்ணு."

"ரொம்ப நன்றி, சார்," என்றது குழாய், அவள் குரலில்.

யாரும் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்தே தலையாட்டினார்கள். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். அலறினாள். வாய் கிழியுமளவுக்குத் திறந்து, கண் பிதுங்க, உடம்பு குலுங்க, மூச்சுகூடச் சத்தமில்லாமல் அலறினாள்.

"பாருங்கய்யா, பொண்ணுக்குச் சந்தோஷம் தாங்கல," என்றார் பிரண்டேஜ். "சிரிம்மா, நல்லாச் சிரி. இப்ப யாரு தடுக்கறா?"

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள், குழாயும் சிரித்தது.