கல்சட்டியில் ஒரு கோடு

"சட்டி சூடா இருக்குது. இப்ப இதுல பச்சத் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும், சொல்லு?"

"சுத்தமாகும்."

"போடி! கல்லு வெடிச்சிடும்."

"கல்லு எப்படிம்மா வெடிக்கும்? கல்லுதான் மத்ததை எல்லாம் ஒடைக்கும்."

"சூட்டுல கல்லு கொஞ்சம் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாது. திடீர்னு தண்ணி பட்டா, பட்ட எடம் மட்டும் வெடுக்குனு சுருங்கும். உள்ள இருக்கிற கல்லு இன்னும் சூடாத்தான இருக்கும்? அது சுருங்காது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டா?"

"டப்!"

"அதான். ஆறவிட்டுத்தான் கழுவணும். நான் இல்லாதப்ப யாராவது கழுவ எடுத்தா நீதான் சொல்லணும், சரியா?"

"சரிம்மா" என்று இளமதி தலையாட்டினாள்.

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. 'நான் இல்லாதப்ப' என்று அம்மா சொன்னது, கடைக்கோ கோயிலுக்கோ போயிருக்கும் நேரத்தைத்தான். அடுத்த மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அம்மாவைக் கொண்டுபோய்விடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இப்போது இளமதி ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பூங்கோதை சித்தி இருக்கிறார். போன தைமாதம் அப்பா அவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சித்தி பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். சாயங்காலம் வரும்போது நகங்களில் நீலமோ பச்சையோ ஒட்டியிருக்கும். ஒருநாள் மூக்கு நுனியில் சிவப்பு இருந்தது. 'சித்தி, மூக்கு' என்று சொல்ல இளமதி வாயெடுத்தாள். ஆனால் சொல்லவில்லை. சித்தி சிவப்பு மூக்கோடு கடைத்தெரு முழுக்கப் போய்விட்டு வந்தார்.

வந்த புதிதில் ஒரு காலை, சித்தி சீப்போடு பக்கத்தில் வந்து நின்றார்.

"தலை பின்னி விடட்டுமா பாப்பா?"

"எனக்கே தெரியும்" என்றாள் இளமதி.

உண்மையில் அவளுக்குத் தெரியாது. ஒரு சடை காதுக்கு மேலே தொடங்கும். இன்னொன்று கழுத்துக்குக் கீழே தொடங்கும். பக்கத்து பெஞ்சு தென்றல் தினமும் சிரிப்பாள்.

"ஒரு சடை சேலம் போவுது, இன்னொண்ணு கடலூரு போவுது. உன் மண்டை என்ன ஜங்ஷனாடி?"

தினமும் கண்ணாடி முன் நிற்கும்போது இளமதிக்கு அந்த நினைப்பு வரும். சித்தியிடம் கேட்டால் என்ன? ஆனால் 'எனக்கே தெரியும்' என்று சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? சித்தியும் மறுபடி சீப்பைக் கொண்டு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஓட்டும் அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். சித்தி ஸ்டூலில் ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கல்சட்டியை எடுத்தார். மாக்கல்லில் கடைந்த கறுப்புச் சட்டி. அம்மா போனபின் யாரும் அதைத் தொட்டதில்லை.

"இதுல வெச்ச வத்தக்குழம்புன்னா உனக்கு உசுராமே? உங்கப்பா சொன்னாரு. வெக்கட்டுமா பாப்பா?"

இளமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்லாததால், சரி என்று எடுத்துக்கொண்டார் சித்தி.

குழம்பு கொதித்தது. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் சூட்டில் கொதித்தது.

"அட, யாராவது இத நிறுத்தச் சொல்லுங்களேன்!" என்று சித்தி சிரித்தார்.

இளமதி சிரிக்கவில்லை. வீடெங்கும் அம்மா காலத்து வாசனை. ஆனால் அடுப்படியில் நிற்பது அம்மா இல்லை.

சித்தி குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றினார். அடியில் ஒட்டியது காய்ந்துவிடும் என்று, துணியால் பிடித்துச் சட்டியைத் தொட்டிக்குத் தூக்கிப் போனார். குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டார்.

இளமதி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். 'ஊத்தாதீங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

'யாரு எங்கம்மா சட்டிய எடுக்கச் சொன்னது?' என்று கோபமும் வந்தது.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

டப்!

பெரிய சத்தம்கூட இல்லை. விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கோடு ஓடியது. அதன் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்தது.

சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ! சூளைய ஆறவிடாம தொறந்தா பொம்மையெல்லாம் வெடிச்சிடும். தினமும் பாக்குறேன். மண்ணுக்குத்தான் அந்த பயம், இது கல்லாச்சேன்னு நெனச்சிட்டேனே!"

இளமதி அறைக்குள் ஓடிப்போனாள். சித்திக்குத் தண்டனை கிடைத்த மாதிரி சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அம்மாவின் சட்டியைக் காப்பாற்ற அங்கே இருந்தது அவள் ஒருத்திதான்.

அப்பா வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சித்தி சொன்னார்.

"நான்தாங்க ஒடைச்சேன். பாப்பாவத் திட்டாதீங்க. அவ பக்கத்துலயே வரல."

அப்பா சட்டியைக் கையில் வாங்கி, அந்தக் கோட்டை விரலால் தடவினார். "பரவால்ல, விடு" என்றார். ஆனால் குழம்பைத் தொடாமல், மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது சித்தி அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கல்சட்டி. பட்டறையிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த வெள்ளைக் குழைவை, பொம்மைக்குக் கண் வரையும் மெல்லிய தூரிகையால் அந்தக் கோட்டின்மேல் பூசிக்கொண்டிருந்தார்.

"ஒட்டுமா சித்தி?"

"ஒட்டாது. மேஸ்திரிகிட்ட கேட்டேன். கல்லுல எந்தப் பசையும் நிக்காதும்மான்னு சிரிச்சாரு. மனசு கேக்கல. சும்மா பூசுறேன்."

சித்தியின் கண் சிவந்திருந்தது. இளமதி புத்தகப்பையை இறக்கி வைத்தாள்.

"சித்தி, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சூட்டுல தண்ணி ஊத்துனா வெடிக்கும்னு. அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க சொம்ப எடுத்தப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லல."

தூரிகை நின்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இளமதிக்கு.

"ஏன் சொல்லல?"

"நீங்க அம்மா சட்டிய எடுத்துட்டீங்கன்னு கோவம்."

"குழம்பு வெக்கட்டுமான்னு உன்னக் கேட்டனே பாப்பா."

"நான் பதில் சொல்லல."

சித்தி தூரிகையைக் கீழே வைத்தார். சட்டியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"நானும் ரெண்டாவது தடவ கேக்கல. எப்பவும் ஒரு தடவதான் கேக்குறேன். நீ மூஞ்சத் திருப்பிக்கிட்டா எனக்குப் பயமா பூடுது."

பெரியவர்களுக்குக்கூட அப்படிப் பயம் வரும் என்று இளமதிக்கு அன்றுதான் தெரிந்தது. சித்தி அழுதார். இளமதியும் அழுதாள். வெள்ளைக் குழைவு காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், அவர் செருப்பைக் கழற்றும் முன்பே இளமதி வாசலுக்குப் போய் நின்றாள்.

"அப்பா, சட்டி ஒடைஞ்சதுல என் தப்பும் இருக்குது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அவளையும் பார்த்தார், அவள் பின்னால் நின்ற சித்தியையும் பார்த்தார். உள்ளே போய், "குழம்பு மீதி இருக்குதா?" என்று கேட்டார்.

"நேத்து வெச்சதுங்க."

"வத்தக்குழம்பு நேத்து வெச்சாத்தான் நல்லா இருக்கும். ஊத்து."

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். "ஒரே உப்பு" என்றார் அப்பா. ஆனாலும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். கல்சட்டி மறுபடி மேல்தட்டுக்குப் போனது. இனி அதில் யாரும் குழம்பு வைக்க முடியாது. அதை நினைக்கும்போதெல்லாம் இளமதிக்கு உள்ளே சுருக்கென்றது.

காலையில் அவள் கண்ணாடி முன் நின்றாள். இரண்டு சடைகளும் பின்னி முடித்துவிட்டாள். வழக்கம்போல ஒன்று சேலத்துக்கு, ஒன்று கடலூருக்கு.

அடுப்படியில் சித்தி காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டிய கண்ணாடியில் இருவர் கண்களும் ஒரு கணம் சந்தித்தன. சித்தி ஏதோ கேட்க வந்து, கேட்காமல் டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இளமதி ரிப்பன்களை உருவினாள். சடைகளைப் பிரித்தாள். சீப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"சித்தி, எனக்குச் சரியா பின்னத் தெரியாது. நீங்க பின்னி விடுறீங்களா?"