பயன்மானி காட்டிய எண்

மீளெடுப்பு வண்டி அடுத்த வாரம் வருகிறது என்று தெரிந்ததுமே தூத்துக்குடி சவேரியார் தெருவில் பழைய சாமான்களுக்கெல்லாம் அவசர அவசரமாக வேலை கிடைத்தது. பரணில் தூங்கிய மிக்ஸி ஒன்று மூன்று வீட்டுக்குச் சட்னி அரைத்தது. எதிர்வீட்டு அமலோற்பவம் கழுத்து ஒடிந்த மேசை விசிறியைத் தூசி தட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், இது இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் கருவாடே காயாது என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சத்தியம் செய்தாள்.

சத்தியமெல்லாம் பயன்மானியிடம் எடுபடாது. தயாரித்த கம்பெனியே கைவிட்ட கருவி எதுவானாலும் அதன் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பயன்மானி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை அது பார்ப்பதில்லை. இந்தப் பொருள் நாளைக்கு நின்றுபோனால் யாருடைய நாள் எவ்வளவு மாறும் என்பதையே கணக்கிடும். வீட்டில் இருப்பவர்களின் நடை, பேச்சு, தூக்கம், கைநாடி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டும். முப்பதுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பொருள் வண்டியில் ஏற வேண்டியதுதான். உலகத்தின் குப்பை மலைகள் இதனால் பாதியாகக் குறைந்தன. மனிதர்கள் எதை வேண்டும் என்று சொல்கிறார்கள், எது உண்மையில் வேண்டியிருக்கிறது என்ற வித்தியாசமும் வீட்டுக்கு வீடு சுவரில் ஒளிர ஆரம்பித்தது.

இன்னாசி வீட்டுச் சேமப்பெட்டிக்குப் பயன்மானி கொடுத்த எண் நான்கு.

சேமப்பெட்டி என்பது ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். படம், பாட்டு, காணொளி எல்லாவற்றையும் வட்டுகளில் போட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் எந்தத் திரை கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். இன்னாசியின் பெட்டியைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலமாகிவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றதும், வெளியுலகத்தோடு பேசும் அதன் வாசலை அவரே அடைத்து, வீட்டுக்குள் மட்டும் பேச விட்டார். மீன் பதனிடும் தொழிற்சாலையில் குளிர்சாதன மெக்கானிக் அவர். கழித்துப் போட்ட இயந்திரத்திலிருந்து விசிறியைக் கழற்றி வந்து மாட்டினார். ஒரு வட்டு முனகினால் அதை எடுத்துவிட்டு வேறொன்று செருகினார். புதுப்பெட்டி வாங்கி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளத்தான் முடியாது. உள்ளே இருப்பதைத் திறக்கும் சாவி பெட்டியின் சில்லுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. பெட்டி நின்றால் எல்லாம் நின்றது.

உள்ளே இருந்தது ஜொவிட்டா. காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. பல் விழுந்த வாயோடு கீர்த்தனை பாடுவதும், தலை சீவ வரும் அம்மா ரெஜினாவோடு சண்டை போடுவதும், கடற்கரையில் நண்டைக் கண்டு அலறுவதும் அந்தப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பெற்ற இருவராலும் அவற்றைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் கொடுமை. வருடத்துக்கு ஒருமுறை, அவள் இறந்த நாளில், ஏதாவது ஒன்றைத் திறப்பார்கள். அவள் வாய் திறப்பதற்குள் ரெஜினா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இன்னாசி அணைத்துவிடுவார். ஆனால் பெட்டி அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பயன்மானிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துதான் நான்கு போட்டதோ என்று இன்னாசிக்கு ஒரு பயம். பெற்ற மகளுக்கு நான்கா என்று அவருக்குக் கூசியது. எண்ணை ஏற்றுவதற்காக ஒரு வாரம் தினமும் படங்களை ஓடவிட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எண் மூன்றுக்கு இறங்கியது.

அப்போதுதான் அவருக்குத் தொபியாஸ் அண்ணன் ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்த தொபியாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயக்கோளாறு. கையில் ஒரு காவற்பட்டை கட்டியிருந்தார். அவர் விழுந்தாலோ நாடி தப்பினாலோ பட்டை நேராக ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். நல்ல கம்பெனி, புதுப்பட்டை. அந்த வேலையைத் தன் பெட்டிக்கு வாங்கித் தர முடியுமா என்று இன்னாசி யோசித்தார். தொபியாஸ் வீட்டு அறைகளில் 'கேட்பான்' எனப்படும் ஒலி பிடிக்கும் சிறு கருவிகளை வைத்துப் பெட்டியோடு இணைத்து, அடைத்த வாசலில் அழைப்பு மட்டும் வெளியே போக ஒரு சின்ன வழி விட்டால், அவர் கூப்பிட்டாலும் விழுந்தாலும் இன்னாசியின் கைப்பேசிக்கு அழைப்பு வரும். ஒரே ஒரு சிக்கல். பட்டையும் பெட்டியும் ஒரே காவலைச் செய்தால் பெட்டி நின்றாலும் யாருக்கும் ஒன்றும் மாறாது என்று பயன்மானி எண்ணை ஏற்றாது. அண்ணன் பட்டையைக் கழற்ற வேண்டும்.

தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டார். விஷயம் ஜொவிட்டாவின் பெட்டி என்று தெரிந்ததும் தொபியாஸ் யோசிக்கவே இல்லை. அவருடைய ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு துறைமுகம் வரை போய் வந்த பிள்ளை அது.

"இந்தப் பட்டை எந்நேரமும் கையில அரிச்சிக்கிட்டேதான கெடக்கு," என்றார். "பிள்ளைக்காவத்தானடே, கழத்திருதேன். நீ பக்கத்துலதான இருக்க."

பெட்டியின் எண் தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது. மீளெடுப்பு வண்டி வந்து, எட்டிப் பார்த்து, அமலோற்பவத்தின் விசிறியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்கு ரெஜினா கேசரி கிண்டித் தொபியாஸ் அண்ணனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாள்.

ஒன்றை மட்டும் இன்னாசி அண்ணனிடம் சொல்லவில்லை. கரண்ட் போய் வந்தால் அந்தப் பழைய பெட்டி தன் வட்டுகளையெல்லாம் முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பிக்கும். முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரியும். அது அணைகிறவரை, அது பாதி நாள்கூட ஆகலாம், பெட்டி யார் கூப்பிட்டாலும் கேட்காது. சொன்னால் அண்ணன் வீணாகப் பயப்படுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொன்னால் பட்டையை மறுபடி கட்டிக்கொள்வார் என்பதுதான் உண்மை, அது அவருக்கும் தெரியும். பதிலுக்கு, ஆரஞ்சு எரியும்போதெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்தார். சீட்டு ஆடினார், கிரேன் கதைகளைக் கேட்டார். இன்னாசி இப்போதெல்லாம் ரொம்பப் பாசமாக இருக்கிறான் என்று தொபியாஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்கும்போது இன்னாசிக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

ஜொவிட்டாவின் நினைவு நாள் வந்தது. காலைப் பூசைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது கரண்ட் போனது. உடனே வந்தும் விட்டது. இன்னாசி திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு.

ஆட்டோ வந்து நின்றிருந்தது. ரெஜினா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்குப் போய் அவளைத் தனியாக அனுப்புவதா என்று அவருக்கு மனம் வரவில்லை. பூசை முடிந்ததும் ஓடி வந்துவிடலாம் என்று நினைத்து அவரும் ஏறினார். பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனார்கள். அங்கே ரெஜினாவின் தங்கை வந்திருந்தாள், அழுதாள், நேரமாகிவிட்டது. மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி முடித்த நேரத்தில்தான் இன்னாசியின் கைப்பேசியில் பெட்டியின் குரல் வந்தது.

"தொபியாஸ் உங்களை அழைக்கிறார்."

ஓடினார்கள். குளியலறை வாசலில் குப்புறக் கிடந்த தொபியாஸின் கை சில்லிட்டுப் போயிருந்தது. விழுந்து வெகுநேரம் உயிரோடு இருந்திருக்கிறார், அப்போதே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

அடக்கத்துக்கு மணப்பாட்டிலிருந்து அண்ணனின் தங்கை வந்திருந்தாள். கூடப்பிறந்த தம்பி மாதிரிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஆரஞ்சு விளக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். பட்டையைக் கழற்றச் சொன்னதே நான்தான் என்பதுவரை சொன்னார். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க, விதி என்று அவள் இவரைத் தேற்றினாள். அந்தத் தேறுதலைத் தாங்க முடியாமல் அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

பெட்டி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கேட்பான் சும்மா இருக்கவில்லை. கேட்டதையெல்லாம் தன் சிறிய நினைவகத்தில் பிடித்துவைத்திருந்து, பெட்டி விழித்ததும் ஒப்படைத்திருந்தது. இன்னாசி அதைத் திறந்தார்.

"ஏ இன்னாசி… விழுந்துட்டேன்டே. கொஞ்சம் வாரியா." கொஞ்சம் மூச்சு. வெகுநேரம் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு, "பூசைக்குப் போயிருப்பிய என்ன. சரி சரி, அவசரம் ஒண்ணுமில்ல, முடிச்சிட்டு வாங்க. பிள்ளைக்கு எம்பேரச் சொல்லியும் ஒரு மெழுவத்தி வைடே."

அதற்குப் பிறகும் நாலைந்து தடவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசிக் கூப்பாட்டில் பெயர் முழுதாக இல்லை.

மறுநாளும் இன்னாசி அதைக் கேட்டார். வேலைக்குப் போகுமுன் கேட்டார், வந்ததும் கேட்டார். ஒருநாள் அடுப்படியிலிருந்து ரெஜினா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் குரலுக்கு எழுந்து போகிறவள் இந்தக் குரலுக்கு எழுந்து போகவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"அன்னைக்கு லைட்டு எரிஞ்சத நானும் பாத்தேன்," என்றாள். "நீங்க வரலன்னு சொல்லிருவியளோன்னு பயந்துதான் சட்டுன்னு ஆட்டோல ஏறுனேன்."

அதன்பிறகு இருவருமாகக் கேட்டார்கள்.

காவல் இல்லாத பெட்டிக்கு எண் மறுபடி நான்குக்குப் போயிருக்கும் என்று இன்னாசி சுவர்ப்பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். அடுத்த தடவை வண்டி வந்தால் கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்தார்கள். மகளும் போகட்டும், அதுதான் நியாயம் என்று ரெஜினாவே சொன்னாள். அழிக்க ஒரு பொத்தான் போதும் என்றாலும் அண்ணனின் குரலைத் தங்கள் கையால் அழிக்க இருவருக்கும் துணிவில்லை. வண்டி எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பாவம் சட்டத்தின் தலையில்.

வண்டி வந்த அன்று இன்னாசி பெட்டியைத் துடைத்துப் பழைய துண்டொன்றை விரித்து அதன்மேல் வைத்திருந்தார். மின்கம்பியை மட்டும் பிடுங்கவில்லை. மீளெடுப்புப் பெண் உள்ளே வந்து குனிந்து பயன்மானியைப் பார்த்தாள். கருவி கெட்டுவிட்டதோ என்று அதைக் கழற்றி மாட்டி மறுபடி பார்த்தாள்.

தொண்ணூற்றெட்டு.

"இந்த வட்டாரத்துல ஆக்ஸிஜன் மெஷினுக்குக்கூட நான் இவ்வளவு பாத்ததில்ல சார்," என்றாள். "இது யாருக்குத் தேவைப்படுது?"

"எங்களுக்குத்தாம்மா," என்றாள் ரெஜினா.

வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று இன்னாசி கேட்டார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார். அந்தப் பெண் சங்கடத்தோடு தலையாட்டினாள். மனிதர்கள் வாயால் வேண்டாம் என்பதை நம்பி ஏமாறக் கூடாது என்றுதானே பயன்மானியே வந்தது. தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டும் பொருளை வீட்டிலிருந்து எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. எடுத்தால் அந்த வீட்டில் யாருக்கோ உயிராபத்து என்று பொருள். இனிமேல் இதற்கு வருடாந்தரச் சோதனையும் கிடையாது, நிரந்தரம் என்று சொல்லி, பெட்டியின் நெற்றியில் பச்சை வில்லை ஒன்றை ஒட்டிவிட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாழ்த்திப் போனாள்.

இன்னாசி பெட்டியைப் பழைய இடத்தில் தூக்கி வைத்தார். அதிகம் திறப்பதை மேலே வைப்பது அந்தப் பெட்டியின் வழக்கம். திரையில் முதல் வரியில் தொபியாஸ் அண்ணன் இருந்தார். ஜொவிட்டா எங்கோ கீழே, ஒரு குறையும் இல்லாமல் பத்திரமாக இருந்தாள். அவளிடம் போவதற்காகத்தான் இன்னாசி அன்றைக்குக் கையை நீட்டினார். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.