இடது பக்கம்

ஐந்தாவது வேனைப் பார்க்க கர்ட்டிஸும் ராமிரோவும் ஹெமட் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறியிருந்தது.

கர்ட்டிஸுக்கு ஒரே வண்டியில் இரண்டு வேலை நடக்க வேண்டும். வாரநாளில் நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்யப் போக வேண்டும். சனிக்கிழமை இரண்டு மண்பாதை பைக்குகளை ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போக வேண்டும். முதலில் பார்த்த வேன் உயரம் அதிகம், வீட்டு ஷெட்டுக்குள் நுழையாது. இரண்டாவதில் தரை துருப்பிடித்து, அழுத்தினால் விரல் உள்ளே போனது. மூன்றாவதில் இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு; பைக்கின் முன்சக்கரம் இடிக்கும். நான்காவதை ராமிரோ ஒரே வாக்கியத்தில் முடித்தான்.

"இதுல பொணத்தைத்தான்டா ஏத்தலாம். அதுவும் குட்டிப் பொணமா இருக்கணும்."

ராமிரோ அப்படித்தான். அவன் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். ஏழு வருடமாக இருவரும் ஒன்றாகப் பந்தயம் ஓட்டுகிறார்கள். ஏழு வருடமாக கர்ட்டிஸ் பார்ப்பது ராமிரோவின் முதுகை. அதில் எழுதிய அறுபத்தொன்று என்ற எண்ணை. போன மாதம் கர்ட்டிஸின் எட்டு வயது மகள் தன் சைக்கிளில் ஓர் எண்ணை ஒட்டினாள். அப்பாவின் எண்ணை அல்ல. அறுபத்தொன்றை.

"அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு கர்ட்டிஸ் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெறுமனே நின்றான்.

ஐந்தாவது வேன் ஒரு மரத்தடியில் நின்றது. வெள்ளை நிறம். தாழ்ந்த கூரை. துரு இல்லை. உள்ளே பிளைவுட் தரை, பைக்கை இறுக்கிக் கட்டும் பட்டைகளை மாட்ட இரும்பு வளையங்கள், அருகருகே இரண்டு பைக்குக்கான இடம். இவர்களுக்காகவே செய்தது போலிருந்தது.

கர்ட்டிஸ் தலையை உள்ளே நீட்டினான். பெட்ரோல் வாடை. அதற்கு அடியில் ஈர மண்ணின் வாடை. ஐந்து மாதமாக அந்தப் பக்கம் மழை இல்லை.

"இங்க பாருடா." ராமிரோ ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, காபி வைக்கும் குழியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். "முன்சக்கர அச்சு நட்டு. இது இல்லாம ஓட்டினா சக்கரம் கழண்டுடும். இதைப் போய் எவன்டா தொலைப்பான்?"

"எனக்குத் தெரிஞ்சு நீதான் தொலைப்ப."

"நான் தொலைப்பேன். நீ ஒவ்வொரு நட்டுக்கும் சிவப்புப் பெயிண்ட்ல பொட்டு வச்சு, காலைல எண்ணிப் பார்ப்ப. உன் பைக்கைக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கலாம்டா." நட்டைக் குழியில் போட்டுவிட்டு, டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

வேனை விற்கும் திருமதி ஹாஸ்கெல் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தாள். அறுபது வயதிருக்கும். வேனிலிருந்து பத்தடி தள்ளியே நின்றாள்.

"ஒரு பைக்கா, ரெண்டா?"

"ரெண்டு மேடம். என்னோடது ஒண்ணு, அவனோடது ஒண்ணு."

"இடது பக்கம் யார் கட்டுவீங்க?"

கர்ட்டிஸுக்கு அந்தக் கேள்வி வினோதமாக இருந்தது. சேர்ந்து போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் தானாக அமைந்துவிடும். பிறகு மாறாது. "அவன்தான். நான் எப்பவும் வலது."

அவள் வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ராமிரோவின் கால்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க ரெண்டு பேர்ல யார் ஜெயிப்பாங்க?"

கர்ட்டிஸும் அந்தக் கால்களைப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரர் டேலும் வலதுதான். இடது பக்கம் அவரோட சிநேகிதன் ராய். ராய்தான் ஜெயிப்பான். ஒரு பந்தயத்துல விழுந்து ராய் போனப்புறம் டேல் பைக்கை வித்துட்டார். வேனை மட்டும் விக்கலை. தினமும் உள்ள போய் உட்காருவார். அங்கயேதான் உயிரும் போச்சு." அவள் கையைப் பிசைந்தாள். "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ தம்பி. ஆனா ஒரு பைக்தான் ஏத்தணும். இடது பக்கப் பட்டை நிக்காது."

"வளையம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மூணு தடவை மாத்தியாச்சு."

ராமிரோ வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். "எஞ்சின் தங்கம்டா! என்ன சொல்றாங்க?"

கர்ட்டிஸ் வேனின் இடது பக்கத்தைப் பார்த்தான்.

"ஏசி கொஞ்சம் வீக்காம்."

வேனை வாங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, வழக்கம்போல முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார்கள். கிளம்பி ஐந்து மைலில் பட்டைகளைச் சரிபார்க்காமல் யாரும் மேலே போவதில்லை. கர்ட்டிஸின் பைக் அசையாமல் நின்றது. ராமிரோவின் பட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பைக் சுவரில் சாய்ந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்கு ராமிரோ புதுப் பட்டைகள் வாங்கினான். அவையும் தொங்கின.

அந்த இரவுகளில் கர்ட்டிஸ் ராமிரோவிடம் உண்மையைச் சொல்லிவிட நினைத்தான். காலையில் மகள், "ராமிரோ மாமா இன்னிக்கும் ஜெயிப்பாரா?" என்று கேட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை பருவத்தின் கடைசிப் பந்தயம். ராமிரோவை விட கர்ட்டிஸ் இரண்டே புள்ளி பின்னால். அவனை ஒரு தடவை முந்தினால் போதும், கோப்பை கர்ட்டிஸுக்கு. மைதானத்தில் ராமிரோ பெயர் கொடுக்கப் போனான். கர்ட்டிஸ் பின்கதவைத் திறந்தான்.

ஈர மண்ணின் வாடை.

இடது பக்கப் பைக் சாய்ந்திருந்தது. பிளைவுட் தரையின் நடுவில், யாரோ எடுத்து வைத்தது போல, ஒரு நட்டு.

சிவப்புப் பொட்டு இல்லை. ராமிரோவின் முன்சக்கர அச்சு நட்டு.

கர்ட்டிஸ் அதை எடுத்தான். வேனுக்குள் வெயில் கொதித்தது. நட்டு ஐஸ் போலிருந்தது. அதை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்பேனர் அவன் காலடியில்தான் கிடந்தது.

அவன் காதுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

"என்னடா பார்க்கற?" ராமிரோ கையில் பர்ரிட்டோ ரொட்டிச் சுருளுடன் கதவருகே வந்து நின்றான்.

கர்ட்டிஸ் விரல்களை மூடினான். "ஒண்ணுமில்ல. உன் பட்டை மறுபடியும் லூசு."

"உன் வண்டிக்கு என்னைக் கண்டா ஆகாதுடா." ராமிரோ சிரித்தான். பர்ரிட்டோவில் பாதியைப் பிய்த்து நீட்டினான். "இந்தா. வெறும் வயித்தோட தோக்காத."

கர்ட்டிஸ் வாங்கித் தின்றான். பிறகு முன்னால் போய் நட்டைக் குழியில் போட்டான். அங்கே இருந்த இன்னொன்றில் பட்டு 'டிங்' என்றது.

அவன் காதுக்குப் பின்னால் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

மூன்றாவது சுற்றில், பெரிய மேட்டின் மேலே, ராமிரோவின் முன்சக்கரம் காற்றிலேயே ஒரு பக்கமாகச் சாய்வதைப் பின்னாலிருந்து கர்ட்டிஸ் பார்த்தான். அறுபத்தொன்று கீழே போனது.

அதன் பிறகு அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

ராமிரோவை அடக்கம் செய்த அன்று திருமதி ஹாஸ்கெல் வந்திருந்தாள். தூரத்தில் நின்று கர்ட்டிஸின் கைகளையே பார்த்தாள். கர்ட்டிஸின் மகள் சைக்கிளிலிருந்து எண்ணைக் கிழிக்க மறுத்துவிட்டாள்.

வாரநாளில் வேன் ஓடியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் நட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அவற்றை எறிந்துவிட எத்தனையோ முறை கையில் எடுத்தான். எடுத்த இடத்திலேயே வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து, புதுப் பருவத்தின் முதல் பந்தயத்துக்கு அவன் தனியாகக் கிளம்பினான். வலது பக்கம் அவன் பைக். இடது பக்கம் வெறும் தரை. ராமிரோவின் பட்டைகளைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தான்.

முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். பட்டப்பகல். பக்கத்தில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஐஸ்கிரீம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவைத் திறந்தான்.

அவன் பைக் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பட்டைகள் தொங்கின.

இடது பக்கம் பார்த்தான்.

ராமிரோவின் பட்டைகள் சுருளாக இல்லை. தரை வளையங்களிலிருந்து விறைப்பாக மேலே ஏறியிருந்தன. இரண்டும் ஹேண்டில்பார் இருக்க வேண்டிய உயரத்தில் நின்றன. கொக்கிகள் எதையோ பிடித்திருந்தன.

அங்கே எதுவும் இல்லை.

அவன் ஒரு பட்டையைத் தொட்டான். அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது, ஓடும் எஞ்சினில் கட்டியது போல.

முன்னாலிருந்து சத்தம் வந்தது.

டிங்.

சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் கதவைத் திறந்தான். குழிக்குள் பார்த்தான். நட்டுகள் மூன்று இருந்தன.

மேலே கிடந்ததில் சிவப்புப் பொட்டு.